முன்னாடியே கேட்டவர்: டோல்கேட் வட்டாரச் சுயாதீன இசை நுகர்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், கிழக்கே கடல், இடையில் தலைக்கு மேல் மெட்ரோ ஓடும் டோல்கேட். நிலத்தால் இது நெய்தல். ஆலைகளும் கண்டெய்னர் லாரிகளும் வந்து கலந்ததைத் திணைமயக்கம் எனக் கொள்க. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல்; இவ்வட்டாரத்தின் தலையாய இசை வடிவமோ மரண கானா. இலக்கணம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு ஆய்வாளருக்கே சற்றுச் சந்தேகம் வந்தது. பொழுதுதான் இடிக்கிறது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. மரண கானாவோ ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகு தொடங்கி விடியவிடியப் போகும். இதையும் மயக்கத்தில் சேர்த்துவிடலாம்.

ஆய்வுப்பொருள், ‘முன்னாடியே கேட்டவர்’ எனப்படும் மாந்தர் வகை. புதிய இசைக்குழு ஒன்றை ஊர் அறியுமுன் தாம் அறிந்தவர் இவர். அந்தக் குழு பிரபலமானால் மகிழ்வார் என்று நினைக்கத் தோன்றும். அற்றன்று, என்னை? “அப்பவே கேட்டுட்டேன் மச்சி, இப்ப முன்ன மாதிரி இல்ல” என்று முகம் சுளிப்பார் ஆதலின். இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: ஒரு குழுவை முன்பே அறிந்த பெருமை, அதை அறிந்தோர் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அறிந்தவர் ஒருவரே எனில் பெருமை உச்சம். ஆனால் மெச்ச ஆளில்லை. இரண்டாம் ஆளிடம் சொன்ன கணமே பெருமை பாதியாகிவிடும். சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல், ஒரு காதில் மட்டும் இயர்போனோடு மெட்ரோ நடைமேடையில் நிற்கும் இளைஞரை வாசகர் பார்த்திருக்கக்கூடும்.

இவ்வகையின் மூத்த சான்று வீணை குப்பய்யர். தஞ்சை அரசவை அழைத்தும் போக மறுத்ததாகச் சொல்லப்படும் தியாகராஜர், இன்றைய கணக்கில் பெரிய கம்பெனி ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியவர், 1830களின் இறுதியில் சென்னைப் பக்கம் வந்தார். சீடர் குப்பய்யரின் வேண்டுகோளால் திருவொற்றியூருக்கும் எழுந்தருளி, வடிவுடையம்மன் மீது ஐந்து கிருதிகள் செய்தார். அவை இன்று திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம். அவ்வூர்ச் சிவனுக்கும் தியாகராஜர் என்றே பெயர். பாட்டு ஐந்தும் அம்மனுக்குத்தான் போயின. பெயர் ஒற்றுமையைக் காட்டிச் சலுகை கேட்கும் வழக்கம் அப்போது இல்லை போலும். குப்பய்யர் தம் பங்குக்கு, 1845இல் பிறந்த மகனுக்குத் தியாகராஜர் பெயரையே வைத்தார். அந்தப் பிள்ளைதான் வர்ணங்களுக்குப் பேர்போன திருவொற்றியூர் தியாகய்யர். அபிமானப் பாட்டுக்காரர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது சினிமா கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்போர் இதை ஊன்றிக் கவனிக்க.

அந்த ஐந்தில் ஒன்று பேகடை ராகம். 2017 ஜனவரியில், எண்ணூர்க் கழிமுகத்தை ஆலைகளும் சாம்பலும் விழுங்குவதைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வெளியானது. வரிகள் கபேர் வாசுகி. இசைக்கலைஞர் டென்மாவோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்ற குழுவை நடத்தியவர். பாட்டு ராகமாலிகை, ஆனந்தபைரவியில் தொடங்கி அடுத்துப் போவது எங்கே? பேகடைக்கு. ஆக, திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து எண்ணூர் முகத்துவாரம்வரை சுமார் 8 கிலோமீட்டரைக் கடக்கப் பேகடை ஏறக்குறைய 180 ஆண்டுகள் எடுத்திருக்கிறது: ஆண்டுக்கு 44 மீட்டர். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரி ஓட்டுநர்களிடம் இந்த வேகத்தைச் சொன்னபோது எவரும் குறைவென்று கருதவில்லை.

கருவிகள் பற்றி ஒரு சொல். கானாவுக்குச் சட்டி, டோலக், கட்ட மோளம், பின்னாளில் கீபோர்டு. எதுவும் கிடைக்காத இடத்தில் தீப்பெட்டி. ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ தன் தீப்பெட்டி ஆலையைத் திருவொற்றியூரில் வைத்ததும், விம்கோ நகர் அதன் பெயரைத் தாங்கி நிற்பதும் யாவரும் அறிந்ததே. இசைக்கருவி உற்பத்திக்கு இவ்வளவு பெரிய ஆலை வேறெந்த இசை மரபுக்கும் அமைந்ததில்லை. அதே ஊரில் 1950களிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் தயாரானது. தாளம் எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்பவர்கள் காதை ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

இனி, நவீன காலம். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்த்த 19 பேர் குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறை மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர். மார்கழி சபாக்களில் அடாணா ஓடிக்கொண்டிருந்த பருவத்தில், மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாடினார்கள். மறுநாளே தென்சென்னையில் “கண்டுபிடிப்பாளர்கள்” பெருகினர். 2021 மார்ச்சில் அக்குழுவின் அறிவு, தீயுடன் சேர்ந்து ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடினார். அது கல்யாண மண்டபங்கள்வரை போய்ச் சேர்ந்தபோது, முன்னாடியே கேட்டவர்கள் ஏறத்தாழத் துக்கம் அனுசரித்தனர்.

இங்கேதான் ஆய்வு தடுக்கி விழுந்தது. குழுவின் இசைவாணி ராயபுரத்துப் பெண். சிறு வயதிலிருந்தே மேடையில் பாடுபவர். 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. லண்டன் அறிந்த ஆண்டு தெரிகிறது. ராயபுரம் அறிந்த ஆண்டைக் குறிக்க வேண்டாமா? டோல்கேட் பக்கத்துச் சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவரை ஆய்வாளர் அணுகி, ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவரிடம், கானா பாடகர் ஒருவர் பெயரைச் சொல்லி, “அண்ணே, இவரை நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்க?” என்று முறைப்படி வினவினார்.

“கண்டுபுடிக்க அவன் இன்னா காணாமப் பூட்டானா சார்? எதிர் சந்துலதான கீறான்.”

இந்த விடையால் மேற்கண்ட விதி இவ்வட்டாரத்தில் செல்லாதாயிற்று. தெருவே ஒரே இரவில் கேட்பதால் முன்பின் இல்லை. முன்பின் இல்லாததால் பெருமையும் இல்லை. பெருமை என்பது வட்டாரத்தைத் தாண்டித் தெற்கே போன பிறகு பாட்டில் ஒட்டிக்கொள்ளும் பொருள் என்று தெரிகிறது. டோல்கேட்டில் விசாரிப்பதெல்லாம் வேறு: போன காரியத்துக்கு வந்தவன் குரல் விடியற்காலம்வரை நின்றதா, இறந்தவர் பேரைப் பாட்டில் சரியாகச் சொன்னானா, பேரப்பிள்ளை ஒன்றை விட்டுவிட்டானா. பெயர் விட்டுப்போன பாடகனை அந்தக் குடும்பம் மறுபடி கூப்பிடாது. சபா விமர்சகர்கள் இவ்வளவு கறாராக எழுதி ஆய்வாளர் படித்ததில்லை.

எஞ்சியிருப்பது நடைமுறைச் சிக்கல். பிற நகரங்களில் அபிமானக் குழுவைப் பின்தொடர்வோருக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, முன்பதிவு உண்டு. இங்கே அறிவிப்பு என்பது சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தேதியை எவரும் முன்கூட்டி அறியார். அன்றிரவு தவறினால் பதினாறாம் நாள் காரியம். அதுவும் தவறினால் அடுத்தது எப்போது என்று கேட்பதே முறையன்று. இதை அறியாத ஆய்வாளர், களஆய்வின் ஆர்வத்தில், தெருவில் படுக்கையாய்க் கிடந்த பெரியவர் ஒருவரை வாரந்தோறும் போய் நலம் விசாரித்துவந்தார். வீட்டார் முதலில் காபி கொடுத்தார்கள். பிறகு கொடுக்கவில்லை. கடைசியில் பெரியவரே தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து சொன்னார்: “நா இப்பத்திக்குப் போறதா இல்ல நைனா. நீ வேற தெரு பாரு.”