பின்சக்கரப் புராணம்

வளைவில் வண்டி வழுக்கிவிடக் கூடாது என்பது கார் ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம். இதைக் காதில் வாங்காத சிலர் ஜப்பானில் ஒன்றுசேர்ந்து, வழுக்குவதற்கு 'ட்ரிஃப்ட்' என்று பெயரிட்டு, அதற்கே நடுவர் வைத்து, மார்க் போட்டு, கோப்பையும் கொடுத்துவிட்டார்கள்.

முதல் குற்றவாளி குனிமிட்சு தகஹாஷி. ஆள் அடிப்படையில் பைக் வீரர். 1961-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் 250 சிசி ஹோண்டாவில் ஜெயித்து, உலக கிராண்ட் ப்ரீ பைக் பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர் என்று பெயர் வாங்கினார். மறு வருஷமே ஐல் ஆஃப் மேன் தீவில் விழுந்து பலத்த அடி. இரண்டு சக்கரம் போதும்டா சாமி என்று நிசான் காருக்கு மாறினார். திருந்தினாரா என்றால், இல்லை. ஸ்கைலைன் ஜிடி-ஆரை வளைவுக்குள் கோணலாகவே செலுத்தினார். அன்றைய ரேஸ் டயர்களுக்குப் பிடிமானம் குறைவு. எப்படியும் வழுக்கத்தான் போகிறது, நாமே முந்திக்கொள்வோமே என்பது கணக்கு. பாதி வளைவிலேயே வண்டியின் மூக்கு வெளியேறும் திசைக்குத் திரும்பியிருக்கும். அப்புறம் ஆக்சிலேட்டரை அமுக்க வேண்டியதுதான். ஆக, அவர் வழுக்கியது வேகத்துக்காக. சீடர்கள் வசதியாக மறந்த சங்கதி அதுதான்.

இத்தாலியப் பந்தய வீரர் நுவோலாரி இதை அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார் என்று ஐரோப்பியர்கள் உரிமை கொண்டாடுவார்கள். செய்திருக்கட்டும். அவர் அதற்கு மார்க் கேட்கவில்லை.

தகஹாஷியைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் ஒருவர் நாகானோ மாகாணத்து கெய்ச்சி ட்சுச்சியா. ஊரைச் சுற்றி மலை, மலை நிறையக் கொண்டை ஊசி வளைவு, இரவில் ஆளரவம் கிடையாது. பிள்ளை கெட்டுப்போக வேறென்ன வேண்டும்? பின்னாளில் அவரோடு ஒட்டிக்கொண்ட வண்டி டொயோட்டா ஏஇ86. 1983-இல் வந்த 1.6 லிட்டர் கார். பெரிய சக்தி இல்லை, ஆனால் எடை குறைவு, இழுப்பது பின்சக்கரம். வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டால் பாரம் முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்து, ஆக்சிலேட்டரை விடாமல் கிளட்சை ஓர் உதை உதைத்தால் பின்டயர்கள் பிடியை விட்டுவிடும். வால் வெளியே பாயும். வண்டி இடப்பக்கம் திரும்ப, ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கும். மிச்சத்தை வலது கால் பார்த்துக்கொள்ளும். பார்க்காவிட்டால் தடுப்புச்சுவர் பார்த்துக்கொள்ளும்.

1987-இல் ட்சுச்சியாவின் இந்த லீலைகளை 'ப்ளஸ்பி' என்ற வீடியோவாக எடுத்து வெளியிட்டார்கள். திருடன் தானே போட்டோ எடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பிய மாதிரி. அதிகாரிகள் கண்ணிலும் பட்டது. அவருடைய பந்தய உரிமம் சில காலம் நிறுத்தப்பட்டது. ஆனால் வீடியோவைப் பார்த்த பையன்களை யார் நிறுத்துவது? காயலான் கடை டயர்களைப் பின்னால் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

குருவும் சீடரும் 1995-இல் ஃபிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரே ஹோண்டா என்எஸ்எக்ஸை அகிரா ஈடாவுடன் மாறி மாறி ஓட்டி, ஜிடி2 பிரிவில் ஜெயித்தார்கள். தகஹாஷிக்கு அப்போது 55 வயது. ஒழுங்காக ஓட்டவும் தெரியும் என்று நிரூபித்தாயிற்று. அதே வருஷம் 'இனிஷியல் டி' என்ற மங்கா சித்திரக்கதை தொடங்கியது: அப்பா கடைத் தோஃபுவை ஏஇ86-இல் டெலிவரி செய்யும் பையன், கோப்பைத் தண்ணீர் சிந்தாமல் மலையிறங்குகிறான். பழைய ஏஇ86-களின் விலை எகிற ஆரம்பித்தது.

கடைசியில் 'ஆப்ஷன்' கார் பத்திரிகையின் டைஜிரோ இனாடாவோடு சேர்ந்து ட்சுச்சியா 2000-இல் ஃபுகுஷிமாவின் எபிசு பந்தயத் திடலில் போட்டியே வைத்துவிட்டார். டி1 கிராண்ட் ப்ரீ என்ற ட்ரிஃப்ட் போட்டித் தொடரின் ஆரம்பம் அதுதான். யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே இல்லை. கோணம் எப்படி, பாதை எப்படி, நுழைந்த வேகம் எப்படி, புகை எவ்வளவு என்று பார்த்து மார்க். தகஹாஷியின் கணக்கு தலைகீழாகிவிட்டது. நடுவர் நாற்காலியில் யார்? உரிமம் பறிபோன அதே ஆசாமி.

2006-இல் ஹாலிவுட் 'டோக்கியோ ட்ரிஃப்ட்' எடுத்தபோது, ட்ரிஃப்ட் ராஜா என்று ஜப்பானே கொண்டாடும் ட்சுச்சியாவுக்கு ஒரு வேஷம் கொடுத்தார்கள்: தூண்டில் போடும் மீனவர். கதாநாயகன் வழுக்கப் பழகுவதைப் பார்த்து நக்கலடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. நடுவராக உட்கார்ந்து அவர் பார்த்துவந்த உத்தியோகமே அதுதானே.