0.03-இல் ஒரு மகுடம்

மாணவர்களைத் தரவரிசைப்படுத்துவது பிஞ்சு மனங்களைப் புண்படுத்தும் என்று 2017-இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை முடிவு செய்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் எல்லாம் ஒழிந்தன. மாவட்டங்களுக்கு மட்டும் மனம் இல்லை போலிருக்கிறது. அவற்றின் ரேங்க் பட்டியல் இன்றும் தவறாமல் வருகிறது.

2024-இன் பிளஸ் டூ முடிவில் திருப்பூர் 97.45 சதவீதத்துடன் முதலிடம். ஈரோடும் சிவகங்கையும் 97.42. பத்தாயிரம் பேர் எழுதினால் மூன்று பேர் வித்தியாசம்! அந்த மூவரில் ஒருவருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்திருக்கலாம். ஆனாலும் ஓரிடத்தில் லட்டு, இன்னோரிடத்தில் ஆய்வுக் கூட்டம்.

அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் கடைசி இடம் வேலூருக்கு, 82.07. அப்படிப்பட்ட மாவட்டத்தில் தலைமையாசிரியர் பாடு சொல்லி மாளாது. விளக்கம் கேட்டு மெமோ வரும். மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பு நடக்கும். காலிப் பணியிடம் பற்றி அவர் வாய் திறந்தால், 'அது வேறு விஷயம்' என்பார்கள்.

நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் தனியார் பள்ளியும், வாசலுக்கு வந்த எவரையும் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியும் ஒரே தராசில் ஏறுகின்றன. அப்படியும் அந்த ஆண்டு பிளஸ் டூவில் மாநில சராசரி 94.56, அரசுப் பள்ளிகள் 91.02. இந்த நிலையில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி மோசமா என்ன?

எந்த மாவட்டமும் பின்தங்காத ஆண்டு ஒன்றும் உண்டு. கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தாகி, பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்ற 2021.