பூட்டனின் பிறப்புப் பத்திரம்

கேள்வி: எல்லோருக்கும் பொருந்தும் விதிப்படியே நட என்கிறாரே ஜெர்மன் தத்துவஞானி காண்ட், அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை? (வாசகர், ஹட்டன்)

பதில்: அங்கேதான் அவருக்கு நிறைய வேலை! உன் விதி உலகத்துக்கே சட்டமானால் உனக்குச் சம்மதமா என்று 1785இல் கேட்டவர் அவர். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை அந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள். இலங்கையிலேயே பிறந்தவரும் தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. இல்லையென்றால் பாட்டன், பூட்டன் இருவரும். சட்டத்துக்குக் கை தூக்கிய கனவான்களில் எத்தனை பேரிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்? அவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லய வீடுகளில் குடியிருந்த தொழிலாளரைத்தான் கேட்டார்கள்.

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றும் சொன்னார் காண்ட். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

தன் லாபம் பாராமல் செய்வதே கடமை என்கிறார் காண்ட்; அதற்கு ஆள் காட்டச் சொன்னால் இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தைக் காட்டுவேன். அவருடைய தொகுதியான காங்கேசன்துறையில் தேயிலைச் செடியே கிடையாது. ஆனாலும் மலையகத்தாரின் உரிமைப் பறிப்பை எதிர்த்தார், தம் கட்சித் தலைவரைப் பிரிந்தார், 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கினார். 1952இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்; கொள்கையை மாற்றவில்லை.