பென்சில் கோடு பளிச்சிட

கேள்வி: லக்சபான நீர்வீழ்ச்சியைப் பென்சிலால் வரைந்தேன். மங்கலாக இருக்கிறது. கணினியில் பளிச்சென்ற கோட்டோவியமாக்க முடியுமா?
– ஒரு வாசகி, பொல்பிட்டிய

பதில்: தாராளமாக! கைபேசியில் எடுத்தால் உங்கள் நிழலும் அருவியில் குளிக்கும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கிம்ப் மென்பொருளின் 'லெவல்ஸ்' பகுதியில் கறுப்பு முனையை வலப்பக்கமும் வெள்ளை முனையை இடப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் தாள் வெளுக்கும், கோடு கறுக்கும். அவசரப்பட்டால் அழிறப்பரால் அழித்த கோடுகளும் எழுந்து வந்துவிடும்! பிறகு இன்க்ஸ்கேப் மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' கட்டளையைக் கொடுங்கள். பீட்டர் செலிங்கர் எழுதிய பொட்ரேஸ் என்ற நிரல்தான் அங்கே வேலை செய்கிறது. அது புள்ளிப் படத்தை வளைகோடுகளாக மாற்றிவிடுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது. பாறைக்கு அது போதும். சாரலுக்குப் போதாது, அதை மட்டும் புதிய லேயரில் உங்கள் கையாலேயே வரையுங்கள். இரண்டு மென்பொருள்களும் இலவசம்.