வள்ளி தாழ்ந்ததும் குரு உயர்ந்ததும்: திருமணப் பேனர்களின் லேயர் ஒழுங்கு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆதி மனிதன் குகைச் சுவரில் மாட்டை வரைந்து முடித்ததும், "நடுவுல இல்லையே" என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. சொல்லவில்லை என்பதற்கும் சான்று இல்லை. ஆகவே, சொன்னான் எனக் கொண்டு இவ்வாய்வு தொடங்குகிறது.

அக்குரல் இன்று பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டிடிபி சென்டர்களில் ஒலிக்கிறது. கணினிக்கு முன்னால் டிசைனர். அவர் நாற்காலிக்குப் பின்னால் மணவீட்டார். திரையில் இருப்பது 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் பேனர். மென்பொருளில் 'சென்டர்' பொத்தானை அழுத்தியாகிவிட்டது. ஆயினும் பின்னாலிருந்து வருவது அதே வாக்கியம்தான். பொத்தான் நடு என்கிறது, மாமா இல்லை என்கிறார். இருவரில் யாரை நம்புவது என்பதே ஆய்வுச் சிக்கல்.

கருதுகோள்: பேனரில் எது கோணலாக இருந்தாலும் குற்றம் மென்பொருளுடையது. தொடக்கத்தில் வைத்த கருதுகோள் முடிவில் நிறுவப்பட்டாக வேண்டும் என்பது ஆய்வேட்டு மரபு. இங்கு அந்த மரபு காப்பாற்றப்படாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆய்வு எல்லை: ஃபோட்டோஷாப், கோரல் ட்ரா ஆகிய இரண்டு மட்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த தாத்தா படம், பாதி வேலையில் போகும் மின்சாரம் ஆகியன தனித்தனி ஆய்வுக்குரியவை என்பதால் விலக்கப்பட்டுள்ளன.

2. வரலாற்றுப் பின்னணி

ஒன்றின் மேல் ஒன்றாகப் படம் அடுக்கும் உத்தி கணினிக்கு முந்தியது. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஏர்ல் ஹர்ட், நகரும் உருவத்தைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டில் வரைந்து, அசையாத பின்னணி மீது வைக்கும் முறைக்கு 1914-இல் காப்புரிமை கோரினார். ஓடுகிறவனை மட்டும் மறுபடி மறுபடி வரைந்தால் போதும். மரத்தை ஒருமுறை வரைந்தால் தீர்ந்தது. யார் அசைவார், யார் அசைய மாட்டார் என்று பிரித்ததே அவர் செய்த பெரிய காரியம். இக்குறிப்பை வாசகர் நினைவில் கொள்க.

1984-இல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், ஒரு படம் இன்னொன்றின் மேல் அமர்வதற்கான கணக்கை எழுதி முடித்தனர். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. ஆனால் அதில் லேயர் இல்லை. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதற்கு முன் ஒட்டியது ஒட்டியதுதான். தாய்மாமன் ஒருமுறை மணமேடையில் ஏறிவிட்டால், பின்னாலிருக்கும் பூ அலங்காரத்தைக் கெடுக்காமல் அவரை இறக்க வழியில்லை. லேயர் வந்தபின் யாரையும் எப்போதும் இறக்கலாம். குடும்பங்களில் பேனர் தொடர்பான மனத்தாங்கல்கள் இதனால் கூடினவா குறைந்தனவா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. கோணல்களின் வகைப்பாடு

3.1 அசையாதார். ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்தவுடன் அடியில் 'பேக்கிரவுண்டு' என்ற பெயரில், பூட்டுச் சின்னத்துடன் ஒன்று படுத்திருக்கும். அது நகராது. குடும்பத்தின் மூத்தவரைப் போல, மற்றவர்தாம் அதற்கேற்ப நகர வேண்டும். அதையே நகர்த்தித் தீர வேண்டுமென்றால் இருமுறை கிளிக் செய்து 'லேயர் 0' ஆக்கிக்கொள்ளலாம். பெயர் மாறியதும் பிடிவாதமும் போய்விடும்.

3.2 தவறி எழுந்தார். மணமகள் பெயரை இழுக்கப் போய்ப் பிள்ளையார் நகர்ந்துவிடுவது. 'ஆட்டோ செலக்ட்' இயங்கும்போது, சுட்டி எந்தப் பிக்சல் மீது பட்டதோ அதன் லேயரே எழுந்து வரும். எழுத்தின் இடுக்கில் சுட்டி பட்டால், இடுக்கு வழியே தெரிகிற பிள்ளையார்தான் வருவார். தீர்வு அந்தக் குறியை எடுத்துவிடுவது. அது தெரியாதோர் பிள்ளையாருக்கு விருப்பமில்லை என்று கொள்வர்.

3.3 துகள். மணமகன் படத்தின் பின்னணியை வெட்டி எடுக்கையில், மூலையில் ஒரு சிறு புள்ளி அழிபடாமல் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். லேயரின் எல்லை அந்தப் புள்ளிவரை நீளும். நடு என்பது அந்த நீண்ட எல்லையின் நடு ஆகிவிடும். மணமகன் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். லேயரின் சிறுபடத்தைக் கன்ட்ரோல் விசையுடன் கிளிக் செய்தால் தேர்வுக் கோடு ஓடும். மூலையில் தனியே எறும்பு ஊர்வதுபோல் ஒன்று தெரிந்தால் அதுவே குற்றவாளி.

3.4 கடைசியில் தொட்டவர். கோரலில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'அலைன்' கொடுத்தால், கடைசியாகத் தொட்டது நின்ற இடத்தில் நிற்கும். மற்றவை அதை நோக்கி வரும். அதே வரிசையில் தொட்டு 'ட்ரிம்' கொடுத்தால், கடைசியாகத் தொட்டதே வெட்டுப்படும். ஒரே இடத்துக்கு ஒரு கட்டளையில் அரியணை, மறு கட்டளையில் கத்தி. எதைக் கடைசியில் தொடுவது என்பதை முன்னால் முடிவு செய்யாதவர் இரண்டிலும் தோற்பார்.

3.5 உறவினர் இடைவெளி. பேனரின் மேல்வரிசையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஆகியோர் தலைகள் சம தூரத்தில் நிற்க வேண்டும். 'டிஸ்ட்ரிபியூட்' இதற்குரியது, குறைந்தது மூவராவது வேண்டும். அதன் பழைய வகை, தலைகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே தூரத்தைச் சமமாக்கும். தலைப்பாகை கட்டியவர் அகலமானவர் என்பதால் அவருக்கு இருபுறமும் இடம் நெருக்கும். 'என்னை மட்டும் ஏன் நெருக்கியிருக்கு?' என்ற கேள்வி அடுத்து வரும். இடைவெளியையே சமமாக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி வராது, அல்லது வேறு கேள்வி வரும்.

4. எழுத்தியல்

இனி தலைப்புக்கு வருவோம். மணமகள் பெயர் வள்ளி, மணமகன் பெயர் குரு எனக் கொள்க. இரண்டையும் ஒரே எழுத்துரு, ஒரே அளவில் இட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செங்குத்து நடுவுக்கு அலைன் செய்க. வள்ளி கொஞ்சம் தாழ்ந்தும் குரு கொஞ்சம் உயர்ந்தும் நிற்பதைக் காண்பீர்கள்.

காரணம் இது. மென்பொருள் எழுத்தைப் படிப்பதில்லை. எழுத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியை அளக்கிறது. வள்ளியில் புள்ளியும் இகரக் குறியான மேல்விலங்கும் மேலே எழுகின்றன. கீழே ஒன்றும் இல்லை. குருவில் உகரக் குறிகள் கீழே இறங்குகின்றன. மேலே ஒன்றும் இல்லை. வள்ளியின் பெட்டி மேல்நோக்கி வளர்ந்திருப்பதால், பெட்டி நடுவைக் கோட்டில் நிறுத்தும்போது எழுத்தின் உடல் கீழே போகிறது. குருவுக்கு நேர்மாறு. இருவருக்கும் இடையில் கமலா என்றொரு தங்கையை வைத்தால் அவள் நேராக நிற்பாள். மேலும் கீழும் எதுவும் நீளாத பெயர் அவளுடையது.

இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் பெண்வீட்டார் பேனரைப் பார்ப்பது இலக்கணக் கண்ணோடு அன்று. "பொண்ணு பேரை ஏன் தம்பி இறக்கிப் போட்டிருக்கீங்க?" என்ற கேள்விக்கு, "மேல்விலங்குங்க" என்ற விடை எந்தச் சபையிலும் எடுபடாது. செய்ய வேண்டியது, பெட்டியை விட்டு எழுத்தின் அடிக்கோட்டில் இருவரையும் நிறுத்துவதே. கோரலின் அலைன் பலகையில் அடிக்கோட்டை வைத்து நிறுத்தும் தேர்வு உண்டு. ஃபோட்டோஷாப்பில் இருவரையும் ஒரே எழுத்து லேயரில் தட்டச்சு செய்துவிட்டால் அடிக்கோடு பொதுவாகிவிடும்.

5. வடிவியல்

5.1 வட்டம் வட்டமன்று. மணமக்கள் படத்தைச் சுற்றி இடும் வட்டம், ரெனோ கார் நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே பெயரால் வழங்கும் வளைகோடுகள் நான்கால் ஆனது. சித்ரோயன் நிறுவனத்தின் பால் த கஸ்தல்ஷோ 1959-லேயே இதே வழியைக் கண்டிருந்தார். இரு கார்க் கம்பெனிகள் முயன்றும், இவ்வகைக் கோட்டால் உண்மை வட்டம் வரையவே முடியாது. வழக்கமான முறையில் ஆரத்தில் ஏறத்தாழ 0.027 விழுக்காடு பிசகும். 10 அடி விட்டமுள்ள வட்டத்தில் இது 0.4 மில்லிமீட்டர். இதை யாரும் இதுவரை புகாராகச் சொல்லாதது வியப்புக்குரியது.

5.2 முக்கோணம். 'யூடியூபில் நேரலை' என்ற வரிக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும். சென்டர் செய்தால் இடப்பக்கம் ஒட்டியதுபோல் தோன்றும். பெட்டியின் நடு அடிப்பக்கத்திலிருந்து பாதித் தூரத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் எடை நடுவோ மூன்றில் ஒரு பங்கிலேயே இருக்கிறது. இடைப்பட்டது ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு வலப்பக்கம் தள்ளினால் கண் ஒத்துக்கொள்ளும்.

5.3 இரு இதயங்கள். மணமக்கள் செல்லும் காரின் பின்கண்ணாடிக்கு, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு இதயங்களை ரேடியம் ஸ்டிக்கரில் வெட்ட வேண்டும். அப்படியே அனுப்பினால் இயந்திரம் எல்லாக் கோடுகளிலும் வெட்டும். இரு இதயங்களும் படியும் பகுதி தனித் துண்டாக வந்துவிடும். 'கம்பைன்' கொடுத்தால் அந்தப் பகுதி ஓட்டையாகும். ஒரு புள்ளியிலிருந்து வெளியே கோடு இழுத்து, எத்தனை ஓரங்களைக் கடக்கிறது என எண்ணுவது விதி: ஒற்றைப்படை என்றால் நிறம், இரட்டைப்படை என்றால் ஓட்டை. 'ண' எழுத்தின் சுழிகள் திறந்திருப்பதும் இவ்விதியால்தான். கர்வ் ஆக்கி 'பிரேக்' செய்தால் சுழிகள் அடைபடுவதும் இதனால்தான். 'இன்டர்செக்ட்' கொடுத்தால் பொதுப்பகுதி மட்டும் தனி உருவாகக் கிடைக்கும். 'வெல்ட்' ஒன்றே இரண்டையும் ஒரே உருவாக்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான தருக்கத்தை ஜார்ஜ் பூல் 1854-இல் நூலாக எழுதியபோது கார்க் கண்ணாடியை நினைத்திருக்க வாய்ப்பில்லை. அப்போது கார் இல்லை.

6. அளவையியல்

மணவீட்டார் பயன்படுத்தும் அலகுகள்: 'லேசா', 'கொஞ்சம்', 'ஒரு நூல்'. முதலிரண்டும் அளவிட இயலாதவை. மூன்றாவது தச்சரும் கொத்தனாரும் கையாளும் திட்டமான அளவு; எட்டு நூல் ஓர் அங்குலம். 72 டிபிஐ பேனரில் ஒரு நூல் என்பது 9 பிக்சல். ஷிஃப்டுடன் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் 10 பிக்சல் நகரும். ஆகவே 'ஒரு நூல் தள்ளுங்க' என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்த டிசைனர் எப்போதும் ஒரு பிக்சல் கூடுதலாகவே கீழ்ப்படிகிறார். 300 டிபிஐ அழைப்பிதழில் ஒரு நூல் 37.5 பிக்சல். அரைப் பிக்சலில் நின்ற மெல்லிய கோடு இரு பிக்சல்களில் பரவி மங்கும்.

ஒற்றை இரட்டைச் சிக்கலும் உண்டு. 20 அடிப் பேனரின் அகலம் 17,280 பிக்சல். பெயரின் அகலம் 5,001 என்றால் மிச்சம் 12,279. அதை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 6,139.5. அரைப் பிக்சல் இல்லாததால் நடு என்ற இடமே இங்கு இல்லை. "நடுவுல இல்லையே" என்று சொன்ன மாமா இந்நிலையில் முழு உண்மையைச் சொல்கிறார்.

7. தடையும் விடையும்

தடை: இவ்வளவும் தெரிந்த டிசைனர் எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் மணவீட்டார் கோணல் என்கிறார்களே?

விடை: நடு மூவகைப்படும். பெட்டி நடு மென்பொருளுக்குரியது. கண் நடு டிசைனருக்குரியது. உறவு நடு பேனருக்குப் பணம் தருபவருக்குரியது. பெண்ணின் அப்பாவுக்குப் பெண் நிற்கும் இடமே நடு. மற்ற அனைவரும் அதற்கு இடமோ வலமோதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அவ்வாறே.

தடை: அப்படியானால் மூன்றும் ஒருபோதும் ஒன்றாகாவே?

விடை: ஆகா. ஆனால் மூன்றிலும் பொதுவாக ஒன்று உண்டு: ஒருவர் அசையக் கூடாது. ஹர்டின் மரம், ஃபோட்டோஷாப்பின் பேக்கிரவுண்டு, கோரலில் கடைசியாகத் தொட்டது, வள்ளியும் குருவும் நிற்கும் அடிக்கோடு எல்லாம் அதுவே. யாரை வைத்து மற்றவரை நிறுத்துவது என்று சொல்லாமல் 'நேராக்கு' என்றால், மென்பொருள் தனக்குத் தெரிந்த ஒருவரை வைத்து நேராக்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் மூலையில் கிடக்கும் துகளாக இருப்பார்.

8. முடிவுரை

கருதுகோள் தள்ளப்படுகிறது. மென்பொருள் குற்றமற்றது, அதனிடம் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லாதது குற்றமாகாது. எனவே பரிந்துரை ஒன்றுதான்: மணவீட்டார் கடைக்குள் நுழைந்ததும், கணினியைத் திறக்கும் முன், "உங்கள்ல யாருங்க அசைய மாட்டீங்க?" என்று டிசைனர் கேட்டுவிட வேண்டும். கை தூக்குபவரை லாக் செய்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இருவர் தூக்கினால், இரண்டு பேனராக ரேட் பேசிக்கொள்வது நல்லது.