இல்லாத ஆடும் 20 காசும்

ஜார்ஜ்டவுன்காரர்கள் கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்க எங்கள் ஊருக்கு வருவார்கள். பாவம், அவர்களுடைய குப்பை அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். பினாங்குத் தீவின் குப்பை, செபராங் பிறையின் குப்பை இரண்டும் போய்ச் சேருமிடம் எங்கள் நிபோங் திபாலை ஒட்டிய புலாவ் பூரோங் கிடங்குதான். மற்ற ஊர்க்காரன் குப்பையை 'வெளியே போட்டாச்சு' என்றால் கதை முடிந்தது. எங்களுக்கு அந்த 'வெளியே' மோட்டாரில் போகிற தூரம். 2022 ஜனவரியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, பினாங்கு மாநிலம் என்னென்ன தின்றது என்பதை ஜன்னலைச் சாத்திக்கொண்டே எங்களால் சொல்ல முடிந்தது. சுற்றுச்சூழல் அக்கறை எங்களுக்கு மூக்கு வழியாக வந்தது.

அக்கறை வந்த வழியில் காசு வரவில்லை. கைப்பேசியைத் திறந்தால் மூங்கில் பிரஷ், தேன்மெழுகு பூசிய துணி, ஸ்டீல் ஸ்ட்ரா, அந்த ஸ்ட்ராவைக் கழுவ ஒரு குட்டி பிரஷ், இரண்டையும் போட்டு வைக்க ஒரு பை. மொத்தத்தையும் கூட்டினால் மோட்டார் தவணையைத் தொடுகிறது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது என்னடா குழாய்?"

"தண்ணி குடிக்கம்மா. பிளாஸ்டிக் வேணாம்னு."

"டம்ளருக்கு என்ன வந்துச்சு?"

பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரிடம் பட்ஜெட் விவாதம் இந்த அளவோடு முடிவது நல்லது.

அரசாங்கத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. 2009 ஜூலையில் பினாங்கு, திங்கட்கிழமைகளில் கடைகள் இலவசப் பிளாஸ்டிக் பை தரக்கூடாது என்றது. மறு ஆண்டு அது திங்கள் முதல் புதன் வரை ஆனது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும். பை வேண்டுமா, அப்போது 20 காசு. அந்தக் காசு வறுமை ஒழிப்பு நிதிக்குப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏழைங்களுக்கா போகுது?"

"ஆமாம்மா."

"அப்ப இங்கயே இருக்கட்டும். போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பாதி தொலைஞ்சிடும்."

அன்றிலிருந்து அவர் கைப்பையில் மடித்த துணிப்பை இல்லாமல் படி இறங்கியதில்லை. சட்டம் ஜெயித்தது என்றே சொல்ல வேண்டும். எங்கள் தாமானில் வேறு சிலருக்கோ அந்த வருஷம் பாரிட் புந்தார் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. மாநில எல்லையைத் தாண்டினால் பேராக், சனிக்கிழமை நீங்கலாக அங்கே அப்போது பை சும்மா. 3 வெள்ளிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் 20 காசை மிச்சம் பிடித்துத் திரும்பியவர்களின் முகத்தில் இருந்த வெற்றிக் களையை நான் தேர்தல் முடிவன்றுகூடப் பார்த்ததில்லை.

நானும் தூக்குச்சட்டியோடு கிளம்பினேன், சாப்பாடு பொங்குஸ் வாங்க. கடை அண்ணன் சட்டியை மரியாதையாக இரு கையால் வாங்கினார். சாம்பாரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர்பேண்டைச் சுழற்றிப் போட்டார். ரசத்துக்கு இன்னொரு பை, மோருக்கு இன்னொன்று. மூன்றையும் என் சட்டிக்குள் அடுக்கி மூடினார். "இல்லன்னா சட்டி அழுக்காயிடும்ல தம்பி."

செலவில்லாத வழி எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைத்தான் தமிழிலும் சொல்லிக்கொண்டிருக்கிறது: சமையலறைக் கழிவை உரமாக்கு, தொட்டியில் கீரை போடு, தேவையில்லாததை வாங்காதே. அதன் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ், இது நாகரிகமாவதற்கு வெகுகாலம் முன்பே இப்படியே வாழ்ந்தும் காட்டியவர். 'வாங்காதே' என்ற பகுதி எனக்கு இயற்கையாகவே கைவந்தது. மாசக் கடைசியில் இன்னும் நன்றாக வரும்.

உரத்துக்கு அடுத்தது என்சைம். தாய்லாந்தில் பிறந்து பினாங்கில் பரவிய வித்தை. சர்க்கரை 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பாட்டிலில் அடைத்து 3 மாதம் வைத்தால் தரை துடைக்கலாம், பாத்திரம் கழுவலாம். முதல் மாதம் மட்டும் தினம் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஒரு ராத்திரி நான் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்ற சத்தமும் புளித்த வாடையும் கூடத்துக்குப் போயின. அம்மா விளக்கைப் போட்டார்.

"உங்க தாத்தாவும் இப்படித்தான் ராத்திரியில மூடியத் திறப்பாரு. மருந்துன்னுதான் அவரும் சொன்னாரு."

சம்சு இல்லை என்று நிரூபிக்க வீட்டுத் தரை முழுவதையும் துடைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இதில் பெரிய சிக்கல் தோல்தான். 3 பங்கு தோல் வேண்டுமென்றால் அதற்குரிய பழத்தை யாராவது தின்ன வேண்டும், எங்கள் வீட்டு வருமானத்தில் அவ்வளவு பழம் தின்பதில்லை. ஆகவே பழக்கடையில் அன்னாசித் தோல் கேட்டேன்.

"ஆடு வளக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நல்ல வெயில். பின்னால் வரிசை. என்சைமை முதலிலிருந்து விளக்கத் தெம்பில்லாமல் 'ஆமா' என்றேன்.

"எத்தனை?"

"ரெண்டு."

அதிலிருந்து வாரம் தவறாமல் எனக்காகத் தோல் எடுத்து வைக்கிறார், ஆடுகளின் நலமும் விசாரிக்கிறார். ஒன்றுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்ததில் பப்பாளி இலையும் கொடுத்தனுப்பினார். தீபாவளி நெருங்கியதும் குரலைத் தாழ்த்தி, "ஒண்ண எனக்குக் கொடுங்களேன், கிலோ என்ன விலைன்னு சொல்லுங்க" என்றார்.

"இன்னும் குட்டிங்கண்ணே."

அவர் கையிலிருந்த தோல் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு தின்னுமா?"