சீசனில் ஒரு பரீட்சைக்காரன்

தென்காசியில் வீடு உள்ளவனுக்கு ஜூன் பிறந்தால் சொந்தபந்தம் பெருகிவிடும். பொங்கலுக்குக்கூடப் போன் பண்ணாத சித்தப்பா சென்னையிலிருந்து கூப்பிடுவார். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கமாட்டார். "தண்ணி விழுதாடே?" அவ்வளவுதான். விழுகிறது என்றால் மறுநாள் காலை பொதிகை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு இறங்கிவிடுவார். விழவில்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை. குற்றாலப் பேரருவியைப் படம்பிடித்து நிமிஷத்துக்கு நிமிஷம் ஸ்டேட்டஸ் போட ஊரில் ஒரு படையே இருக்கிறது.

வந்துவிட்டுப் போகட்டும், உனக்கென்ன என்பீர்கள். நான் பரீட்சைக்குப் படிக்கிறவன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கும் குற்றாலச் சீசனுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் அமைந்திருக்கிறது. 2022-ல் ஜூலை 24, 2024-ல் ஜூன் 9, 2025-ல் ஜூலை 12. மூன்றுமே சாரல் காலம். ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்கு ஆட்டோ பேசும்போது, நான் ஹால் டிக்கெட்டை நனையாமல் மடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போவேன். படிக்கும் அறை முதல் நாளே சித்தப்பா வசமாகிவிடும். சாரலில் துணி காயாது என்பதால், என் மேஜைக்கு மேலே கொடி கட்டி ஈரத் துண்டுகளைத் தொங்கவிடுவார்கள். இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை, சொட்டுச் சொட்டாகத் தலையில் தண்ணீர் விழ, நான் மனப்பாடம் செய்தேன்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபோது அவரைத் தேடி ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். இலக்கியம் பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் எதிர்காலத்தைப் பேசுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. எதிர்காலம் கேட்பது இந்த மண்ணின் பழக்கம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வந்து, வசந்தவல்லியின் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கப்போவதைச் சொல்கிறாள். அதற்கு முன்னால் வசந்தவல்லி என்ன செய்துகொண்டிருந்தாள்? பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பொதுத்தமிழுக்காகப் படிக்கையில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு பெண் தெருவில் பந்தடிப்பதைக் கவிராயர் சலிக்காமல் பாடுகிறார். 'இது சோறு போடுமா?' என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. பாடியவருக்கு நாயக்க மன்னர் நிலமும் கொடுத்தார், குறவஞ்சிமேடு என்று.

என் ஆட்டம் பந்தில்லை, பப்ஜி. கூட்டாளிகள் நாலு பேர் ஸ்குவாட் போட்டு, ராத்திரி வீடு அடங்கிய பிறகு போனில் எரங்கெல் மேப்பில் குதிப்போம். 2020 செப்டம்பரில் அதற்குத் தடை வந்தது. அடுத்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை, வடிந்தால் தடை நீக்கம். பத்திரிகைக்காரர்கள் அந்தச் செய்தியை எழுதியே வைத்திருப்பார்கள் போலும், தேதி மட்டும் மாறும்.

ஆனால் 2022-ல் நடந்தது அநியாயம். தேர்வு நெருங்குகிறதென்று, பெற்றவர்கள் மெச்சும்படி, ஆட்டத்தைப் போனிலிருந்தே அழித்துவிட்டேன். ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை தேர்வு. 7,301 இடத்துக்கு லட்சக்கணக்கானவர்களோடு நானும் எழுதினேன். களைப்பெல்லாம் தீரத் தூங்கி எழுந்து, இனி ஆடலாம் என்று 28-ஆம் தேதி ப்ளே ஸ்டோரைத் திறந்தால் ஆட்டத்தைக் காணோம். அன்றைக்குத்தான் அரசு உத்தரவில் எடுத்திருக்கிறார்கள். படிக்காமல், அழிக்காமல் வைத்திருந்த கூட்டாளிகளின் போனில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது ஸ்டோருக்குத் திரும்ப மறு வருஷம் மே ஆயிற்று. அதற்குள் அம்மா, ஆன்லைன் ரம்மியைத் தடை செய்யும் சட்டச் செய்தியை வட்டம் போட்டு என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரம்மி வேறு, இது வேறு என்று விளக்கினேன். "எல்லாம் போன்லதானல ஆடுத?" என்றாள். சட்டப்படி அதற்குப் பதில் உண்டு. அம்மாவிடம் சட்டம் செல்லாது.

விசாரணைக்கு நீதிமன்றம் அருவிக்கரைதான். கோவில்பட்டி மாமா எண்ணெய் மசாஜுக்கு உட்காருவார், நான் அவர் சட்டையையும் போனையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். மசாஜ்காரர் உச்சந்தலையில் தாளம் போடப் போட, கேள்வி துண்டு துண்டாக வரும். "மாப்... ள... அடுத்... து... என்... ன... பிளான்?"

குரூப் 4 விடைத்தாளில் நாலு விடை போக ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: 'விடை தெரியவில்லை'. அதைக் கறுப்பாக்கிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம். மாமாவிடம் அந்த வசதி இல்லை.

"பாக்கணும் மாமா."

"என்னத்தப் பாக்க? மத்தளம்பாறையில ஜோஹோ இருக்கு. அமெரிக்காவுலேருந்து அத ஆரம்பிச்ச மனுசனே இங்கன வந்து உக்காந்துட்டாரு. நீ என்னன்னா..."

2011-லிருந்து அந்தக் கம்பெனி அங்கே இருக்கிறது. பக்கத்தில் குடியிருந்தாலே வேலை உண்டு என்றால், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கீழப்புலியூர்க்காரர்கள் எல்லாருமே ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஆகியிருக்கவேண்டும். இதற்குள் மசாஜ்காரர் மாமாவின் முதுகை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு நல்ல தோள்பட்டை. எஸ்.ஐ.க்கு எழுதலாம்லா?" என்றார். தொழில்முறைக் கருத்து என்பதால் மாமா அதை உடனே ஏற்றுக்கொண்டார்.

இந்த சீசனில் என் எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்காத ஒரே ஜீவன், சித்தப்பாவின் கடைக்குட்டி, ஏழாவது படிக்கிறவன். பார்டர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக்கொண்டே, "அண்ணா, பி.ஜி.எம்.ஐ.ல உங்க ரேங்க் என்ன?" என்றான்.

"ஏஸ்."

கையில் இருந்த பரோட்டா கீழே விழுந்தது. "ஏஸா! ஏ அப்பா, அண்ணன் ஏஸ் ரேங்க்!" என்று கத்தினான்.

ஆச்சிக்கு ஒரு காதுதான் கேட்கும். அந்தக் காதில் ரேங்க் மட்டும் விழுந்தது. கையைக் கழுவிவிட்டு நேரே வாசலுக்குப் போனாள். நான் எழுந்து தடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டாள், கையில் சீனி டப்பாவோடு. என் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பிடி போட்டுவிட்டுக் கேட்டாள்: "போஸ்டிங் தென்காசி தாலுகா ஆபீஸா, செங்கோட்டையா?"